எஞ்சினுக்கு மீட்டர் உண்டு, கிரவுனுக்கு?



சென்ற மாதம் நம் ஊர்க் குடைவரையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "சார், ஒரு தடவை கல்லை விட்டுட்டு காரைப் பற்றி எழுதுங்க" என்று ஒரு மாணவர் கேட்டார். அவருக்கு அது உண்மையான கவலை. சென்னையில் வேலை பார்க்கும் தம்பி, பல வருட ஆசையில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறார். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் 'ட்ராக் டே' என்று நாட்கள் வைக்கிறார்கள். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. பணம் கட்டி, தலைக்கவசம் போட்டுக்கொண்டு, சொந்தக் காரை எதிரே வண்டி வராத தடத்தில் ஆசை தீர ஓட்டலாம். தம்பி ஓட்டினார். ஆறாவது சுற்றில் கியர்பாக்ஸ் சூடு என்று திரையில் எச்சரிக்கை வந்தது. கார் தானாகவே வேகத்தைக் குறைத்து மாட்டுவண்டி போல நகர்ந்தது. அடுத்த மாதமும் அதே கதை. ஒரு பணிமனையில் காட்டியிருக்கிறார். கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும் என்று சொல்லி, அவர் அப்பா ஊரில் வாங்கிய நிலத்தின் விலைக்குச் சமமாக ஒரு தொகையும் சொல்லியிருக்கிறார்கள்.

அவருக்கு எழுதிய பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன். நீளமான பதிவு. காபியோடு உட்காருங்கள்.

செஞ்சி ராஜகிரி உச்சிக்கு என்னோடு மூச்சிரைக்க ஏறியவர்களுக்கு அங்கே கிடக்கும் பீரங்கி நினைவிருக்கும். கதையைப் பீரங்கியிலிருந்துதான் தொடங்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியின் மூனிக் நகரப் படைக்கல ஆலையில் ரம்ஃபோர்டு பிரபு என்பவர் பீரங்கி துளையிடும் வேலையை மேற்பார்த்தார். இயற்பெயர் பெஞ்சமின் தாம்சன், பிறந்தது அமெரிக்காவில். துளையிடும்போது உலோகம் கடுமையாகச் சூடாவதைக் கவனித்தார். அக்காலத்தில் வெப்பம் என்பது பொருளுக்குள் ஒளிந்திருக்கும் ஒருவகைத் திரவம் என்று நம்பினார்கள். திரவமானால் ஒரு கட்டத்தில் தீர்ந்துபோக வேண்டுமே? ரம்ஃபோர்டு வேண்டுமென்றே மழுங்கிய துளைக்கருவியை மாட்டி, பீரங்கி வார்ப்பைத் தண்ணீர்ப் பெட்டிக்குள் வைத்து, குதிரையைக் கொண்டு சுற்றவிட்டார். 2 மணி 30 நிமிடத்தில் தண்ணீர் கொதித்தது. நெருப்பே இல்லாமல்! சுற்றச் சுற்ற வெப்பம் வந்துகொண்டே இருந்தது, தீரவில்லை. 1798இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். உராய்வு இருக்கும்வரை வெப்பம் பிறக்கும் என்பது அன்றே தெரிந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் உள்ளங்கைகளைத் தேய்க்கச் சொன்னேனே, அதே பாடம்தான்.

இதைத் தம்பியின் காருக்குப் போட்டுப் பாருங்கள். அது 400 குதிரைத்திறன் வண்டி. எஞ்சினிலிருந்து சக்கரம் வரை வழியில் கிளட்ச், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் என்று பல கைகள் மாறித்தான் சக்தி போகிறது. வழியில் நூற்றுக்கு ஐந்து உராய்வில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பங்குதானே என்று தோன்றும். 400இல் ஐந்து சதவீதம் 20 குதிரை. ரம்ஃபோர்டின் பெட்டியில் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஒரு குதிரையின் வேலையே போதுமானதாக இருந்தது. இங்கே 20 குதிரைகள் எண்ணெயைக் கடைகின்றன. இன்றைய கணக்கில் சொன்னால் 15 கிலோவாட், அதாவது குளியலறை கீசர் ஏழெட்டை ஒன்றாகப் போட்டதற்குச் சமம்.

சாலையில் இது ஏன் தெரிவதில்லை? 80 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் சீராகப் போக ஒரு காருக்குப் பத்து, பன்னிரண்டு கிலோவாட் போதும். அதில் ஐந்து சதவீதம் ஒரு இஸ்திரிப் பெட்டி அளவுகூட வராது. வண்டிக்கு அடியில் போகிற காற்றே அதை வாங்கிக்கொள்ளும். தடத்தில் ஆக்சிலரேட்டரைப் பாதி நேரம் முழுதாக மிதித்தாலே சராசரி ஏழெட்டுக் கிலோவாட். கியர்பாக்ஸ் உலோகம் ஒரு 60 கிலோ, உள்ளே எண்ணெய் மூன்று லிட்டர். காற்றே படாது என்று வைத்துக் கணக்குப் போட்டால் நிமிடத்துக்குச் சுமார் 10 டிகிரி ஏறுகிறது. காற்று படுவதால் அவ்வளவு ஏறாது, ஆனால் 15 நிமிடம் விடாமல் ஓட்டினால் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அந்தக் கார் பழுதாகவில்லை, பயந்து தன்னைத் தற்காத்துக்கொண்டது என்று எனக்கு முதலில் தோன்றியதே இந்தக் கணக்கினால்தான்.

இனி எண்ணெயின் கதை. என் வயதுக்காரர்களுக்கு வண்டி மை தெரியும். வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்து, மூங்கில் குழாயில் அடைத்து மாட்டுவண்டியோடு எடுத்துப் போவார்கள். கடையாணியைக் கழற்றி, சக்கரத்தை நகர்த்தி, அச்சில் மை பூசி மறுபடி மாட்டுவார்கள். பூசாத வண்டி 'கிரீச்' என்று ஊரையே எழுப்பும். அந்த விளக்கெண்ணெய்தான் பின்னால் விமானம் ஏறியது. முதல் உலகப் போரில் பறந்த நோம், லெ ரோன் போன்ற சுழல் எஞ்சின்களுக்கு ஆமணக்கு எண்ணெய்தான் ஊற்றினார்கள். பெட்ரோலில் அது எளிதில் கரையாது, கடும் சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாது. தேவை அதிகமாகி 1918இல் அமெரிக்கா தன் தென் மாநிலங்களில் ஆமணக்கு பயிரிட வைத்தது. 1909இல் இங்கிலாந்தின் வேக்ஃபீல்டு நிறுவனம் ஆமணக்கு கலந்த எண்ணெய்க்கு வைத்த 'காஸ்ட்ரால்' என்ற பெயரிலேயே ஆமணக்கின் ஆங்கிலப் பெயர் இருக்கிறது. பழைய பந்தயத் திடல்களில் ரசிகர்கள் மயங்கிய 'ரேஸ் வாசனை' வேறொன்றும் இல்லை, நம் பாட்டி வயிற்றுக்குக் கொடுத்த அதே எண்ணெய் எரியும் மணம். ஒரு குறை உண்டு. சூட்டில் நாள்பட இருந்தால் பிசின் போல் கெட்டியாகும். அதனால் அடிக்கடி மாற்றியே தீர வேண்டும். அந்தப் பழக்கம் பந்தயக்காரர்களிடம் இன்றும் போகவில்லை.

எஞ்சின் வெப்பத்துக்கு வழி சீக்கிரமே கிடைத்துவிட்டது. வில்ஹெல்ம் மைபாக் வடிவமைத்து 1901 மார்ச்சில் பிரான்சின் நீஸ் நகரப் பந்தயங்களில் ஓடிய மெர்சிடிஸ் 35 குதிரைத்திறன் காரின் முகத்தில் தேன்கூடு போன்ற ரேடியேட்டர் இருந்தது. 6 மில்லிமீட்டர் சதுரக் குழாய்கள் 8,070! அந்தக் காரைப் பார்த்தபின் மற்றவர்களும் அந்த வழிக்கே வந்தார்கள். பிறகு எஞ்சினுக்கு வெப்பமானி வந்தது, மின்விசிறி வந்தது. கியர்பாக்ஸுக்கும் டிஃபரன்ஷியலுக்கும்? ஒன்றும் இல்லை. சாதாரணக் காரில் அவை தங்கள் வயிற்றில் கிடக்கும் எண்ணெயையே நம்பி வாழ்கின்றன.

நம் லாரிக்காரர்கள் 'கிரவுன்' என்று சொல்லும் டிஃபரன்ஷியலின் பாடு இன்னும் மோசம். 1926இல் அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் ஹைப்பாய்டு என்ற பல் அமைப்பைக் காரில் கொண்டுவந்தது. அதில் சிறிய பினியன், கிரவுன் சக்கரத்தின் மையத்துக்குக் கீழே வந்து சேரும். அதனால் வண்டியின் தரை தாழ்ந்தது, சத்தம் குறைந்தது. ஆனால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு வழுக்கவும் செய்கின்றன. வழுக்கினால் உராய்வு, உராய்ந்தால் சூடு. சாதாரண எண்ணெய் அந்த அழுத்தத்தில் பிதுங்கி வெளியேறிவிடும். ஆகவே கந்தகச் சேர்மங்கள் கலந்த எண்ணெய் வந்தது. கிரவுன் எண்ணெய் மாற்றும் இடத்தில் மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றத்துக்குக் காரணம் அதுதான்.

இந்தக் கதை நம் மாநிலத்துக்கு வருவது சோழவரம் வழியாக. சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்கள் நடத்தியது. கோண்டல் மகாராஜாவும் ஓட்டினார், வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் ஓடியது, ஃபியட்டும் ஓடியது. 1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா என்சைன் என்ற பழைய ஃபார்முலா ஒன் காரையே அங்கே இறக்கினார். ஓடுதளம் என்றால் நீளமான நேர்ச்சாலை. முழு மிதி, பிறகு கடும் பிரேக், கியர் இறக்கம், மறுபடி முழு மிதி. கிளட்சுக்கும் கிரவுனுக்கும் இதைவிடக் கடினமான பள்ளிக்கூடம் கிடையாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் காரை ஏற்றியவர்களுக்குக் கருகும் கிளட்ச் வாசனை தெரிந்திருக்கும். அதை இரண்டு மடங்கு வேகத்தில் நினைத்துப் பாருங்கள்.

கோவை எஸ். கரிவர்தன் அவர்களை இங்கே குறிப்பிடாமல் போகக் கூடாது. மாருதி 800இன் எஞ்சினையும் பாகங்களையும் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைச் செய்து, ஃபார்முலா மாருதி என்று ஒரு வகுப்பே உருவாகக் காரணமானவர். 1995இல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிபாளையம் தடம் அவர் பெயரில் இருக்கிறது. எளிய பாகம், குறைந்த எடை, அளவான சக்தி. சக்தி குறைவென்றால் உராய்வில் பிறக்கும் வெப்பமும் குறைவுதானே! 2005இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன நரேன் கார்த்திகேயன் முதலில் கற்றது இப்படிப்பட்ட சிறிய கார்களில்தான். நேரே 400 குதிரைக்குத் தாவும் இன்றைய பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

1990 வாக்கில் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்கு இடம் மாறியது. பெங்களூர் நெடுஞ்சாலையில் ஹூண்டாய் ஆலை இருக்கிறதே, அந்தப் பக்கம். தடத்தின் நீளம் 3.7 கிலோமீட்டர். சாலைக் கார் ஒரு சுற்று வரச் சுமார் இரண்டு நிமிடம் ஆகும். அதில் ஓடும் வெளிநாட்டுக் கார்களில் பல, குளிர்நாட்டுப் பொறியாளர்கள் வடிவமைத்தவை. நியூட்டனின் குளிர்தல் விதியைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேனே, நினைவிருக்கிறதா? வெப்பம் வெளியேறும் வேகம், பொருளுக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. எண்ணெய் 120 டிகிரி, வெளிக்காற்று 15 டிகிரி என்றால் வித்தியாசம் 105. நம் ஊரில் காற்று 38 என்றால் வித்தியாசம் 82தான். அதே கார், அதே ஓட்டம், குளிர்ச்சி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. தார்த்தளத்திலிருந்து எழும் அனல் தனி.

பெரிய நிறுவனங்களும் இதில் பணிந்துதான் கற்றன. 1964 லெ மான்ஸ் 24 மணிநேரப் பந்தயத்துக்கு ஃபோர்டு மூன்று ஜிடி40 கார்களை அனுப்பியது. ஒன்று தீப்பிடித்தது, மற்ற இரண்டும் கியர்பாக்ஸில் நின்றன. அதன்பின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒன்றாகச் சோதனை மேடையில் பூட்டி, லெ மான்ஸ் சுற்றுகளை அப்படியே பல மணிநேரம் ஓட்டிப் பார்த்தார்கள். 1966இல் முதல் மூன்று இடமும் அவர்களுக்கே. 2005இல் வந்த புகாட்டி வேரானில் பத்து ரேடியேட்டர்கள் உண்டு. அதில் ஒன்று கியர்பாக்ஸ் எண்ணெய்க்கு, இன்னொன்று டிஃபரன்ஷியல் எண்ணெய்க்கு மட்டும். மைபாக் எஞ்சினுக்குத் திறந்த வாசல் இங்கே கிரவுனுக்கும் திறந்திருக்கிறது. அதுவும் அந்த விலைக் காரில்.

தம்பியின் விஷயத்துக்கு வருகிறேன். அவர் அப்பா செஞ்சியிலிருந்து நெல் ஏற்றிப் போகும் லாரியை முப்பது வருடம் ஓட்டியவர். சேலத்திலிருந்து தர்மபுரிக்குத் தொப்பூர் கணவாய் ஏறியபின் முதல் டீக்கடையில் வண்டியை நிறுத்தி, கண்ணாடி கிளாஸைக் கையில் எடுப்பதற்கு முன் ஒவ்வொரு சக்கரக் குடத்துக்கும், பின்னால் குனிந்து கிரவுன் கூட்டுக்கும் பக்கத்தில் உள்ளங்கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பாராம். அவரிடம் கேட்டீர்களா என்று தம்பியிடம் கேட்டேன். "அவருக்கு இந்தக் கார் எல்லாம் தெரியாது சார்" என்றார். நான் இருவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னேன்.

பெரியவர் அரை மணி நேரம் ஒன்றும் பேசாமல் மகன் சொல்வதைக் கேட்டார். பிறகு, "எஞ்சின் கத்தும் வாத்தியாரே, அதுக்கு மீட்டர் வேற இருக்குது. கிரவுன் ஊமை. எண்ணெயை இறக்கிப் பார்த்தானா?" என்று மட்டும் கேட்டார். பணிமனையில் யாரும் இறக்கிப் பார்க்கவில்லை. கணினியில் பழைய எச்சரிக்கைகளை மட்டும் படித்திருக்கிறார்கள்.

வேறொரு மெக்கானிக்கிடம் இறக்கினார்கள். கியர்பாக்ஸ் எண்ணெய் கறுத்து, கருகிய வாசனையோடு வந்தது. வடிகால் திருகில் உள்ள காந்தத்தில் சாம்பல்நிறப் பசை மெல்லியதாக ஒட்டியிருந்தது. செதில் செதிலாக இரும்புத் துணுக்குகள் இருந்தால்தான் பல் உடைகிறது என்று பொருள். பசை மட்டும் என்றால் இயல்பான தேய்மானம். பெரியவர் அதை இரு விரலால் தேய்த்துப் பார்த்து, "பல்லு நல்லா இருக்குது" என்றார். உற்பத்தியாளர் சொன்ன தரத்தில் புது எண்ணெய், புது வடிகட்டி. மாற்ற ஆன செலவு அந்த முதல் தொகையின் ஓரத்தில்கூட வராது.

எண்ணெய் ஊற்றும்போது பெரியவர் இன்னொன்றும் சொன்னார். கூடுதலாக ஊற்றினால் குளிர்ச்சி கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். நேர் எதிர். அளவு மிஞ்சினால் பற்சக்கரம் எண்ணெயைத் தயிர் போலக் கடையும், நுரைக்கும், அந்தக் கடைதலே சூட்டை ஏற்றும். லாரியின் கிரவுன் கூட்டில் பக்கவாட்டுத் துளை வழியாக எண்ணெய் லேசாக வழியும் வரைதான் ஊற்றுவார்கள். காருக்கு அவரவர் கையேட்டில் உள்ள முறை.

இனி ட்ராக் டே போகும் மற்ற பிள்ளைகளுக்கும் சேர்த்து. முதல் சுற்றை மெதுவாக ஓட்டுங்கள், குளிர்ந்த எண்ணெய் பற்களுக்கு உடனே போய்ச் சேராது. பிறகு மூன்று, நான்கு சுற்று வேகமாகப் போய், ஒரு சுற்று மெதுவாக வாருங்கள். பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள் என்பதற்காகப் பதினைந்து நிமிடமும் மிதிக்க வேண்டியதில்லை. நின்ற இடத்திலிருந்து பாய்ந்து கிளம்பும் வித்தையை நண்பர்களுக்குக் காட்டும் ஆசையை அடக்குங்கள். கிளட்ச் வழுக்கும் அந்தச் சில நொடிகளில்தான் மிக அதிகச் சூடு பிறக்கிறது. இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸில் அந்தச் சூடு பெரும்பாலும் அதே எண்ணெயில்தான் இறங்கும். திரையில் கியர்பாக்ஸ் எண்ணெய் வெப்பநிலை காட்டும் வசதி பல கார்களில் பட்டியலுக்குள் ஒளிந்திருக்கிறது, தேடி எடுத்து வையுங்கள். இல்லாத வண்டிக்குத் தனியாக வெப்பமானி பொருத்தலாம். அடிக்கடி போகிறவர்கள் தனி எண்ணெய்க் குளிர்விப்பானும், அதற்குக் காற்று நேராக வரும் குழாயும் போடலாம். காற்று வராத மூலையில் மாட்டிய குளிர்விப்பான் வெறும் பாரம். எண்ணெய் கெடும் வேதிவினை ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய இரு மடங்காகிறது. அதனால் சாலைக்குச் சொன்ன எண்ணெய் மாற்றும் கணக்கு தடத்துக்குப் பொருந்தாது, அதற்கு மிக முன்பே மாற்றுங்கள்.

ஓட்டி முடித்ததும் நேரே வந்து நிறுத்தாதீர்கள். கத்திரி வெயிலில் நம் செஞ்சிப் பாறைகள் இரவு எட்டு மணிக்கும் உட்கார முடியாமல் சுடும், வெயில் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். உலோகமும் அப்படித்தான். வண்டி நின்றதும் காற்று நிற்கும், உள்ளே தேங்கிய சூடு எண்ணெய்க்கும் ரப்பர் சீல்களுக்கும் பரவும். சீல் இறுகினால் எண்ணெய் கசியும். தடத்தில் சிந்திய எண்ணெயில் பின்னால் வருபவரின் சக்கரம் ஏறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கடைசிச் சுற்று முழுதும் மேல் கியரில், பிரேக் தொடாமல், காற்று வாங்கிக்கொண்டு வாருங்கள். நிறுத்தியபின் கை பிரேக்கை இழுக்காமல், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

காலமும் முக்கியம். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருத் தடத்தில் இரவு விளக்கொளியில் பந்தயம் நடந்ததே, அதுபோல இரவில் ஓட்ட நமக்கு வாய்ப்பில்லை. டிசம்பர், ஜனவரியில் காலை முதல் அணியில் இடம் கேட்டு வாங்கலாம். மே மாதம் மதியம் இரண்டு மணி அணியில் இடம் மட்டும் காலியாக இருக்கிறது என்றால், வீட்டில் இருங்கள்.

அடுத்த பதிவு, செஞ்சிக் கோட்டையின் செட்டிக்குளமும் சக்கரக்குளமும்.